பெரியவர்களின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு

தம்பதிகளே! உங்கள் வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய தாய், தந்தை, மாமனார், மாமியார் இருக்கிறார்களா? அவர்களுடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கி வருபவர்கள் நீங்கள்தாம். அதிலுள்ள மூன்று எண்களையாவது புரிந்துகொள்வது நல்லது.

1. ஹீமோகுளோபின்

ஆணுக்கு 13 கிராமுக்கும், பெண்ணுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் ரத்தசோகை. "வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். முதுமை மட்டுமே சோகைக்குக் காரணம் ஆகாது. முருங்கைக்கீரை நல்லதுதான். ஆனால் மூட்டுவலிக்குக் கடையில் வாங்கித் தின்னும் மாத்திரையால் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் கீரை மட்டும் என்ன செய்யும்? மலம் தார் போலக் கறுத்துப் போகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் அன்றே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

2. சர்க்கரை

வெறும் வயிறு என்றால் 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருப்பது. தண்ணீர் குடிக்கலாம். விடியற்காலையில் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுப் போனால் கணக்குத் தப்பும், கருப்பட்டியும் சர்க்கரைதான். அளவு 126 அல்லது அதற்கு மேல் இருந்தால், மறுபடியும் ஒரு நாள் பார்த்து நீரிழிவை உறுதி செய்வார்கள். மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு 70-க்குக் கீழே இறங்குவதும் ஆபத்து. வியர்வை, நடுக்கம், பேச்சில் குழப்பம் கண்டால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

3. கிரியாட்டினின்

இது உடம்பின் சதையிலிருந்து உண்டாகிச் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. சதை வற்றிய பாட்டியம்மாவுக்குச் சீட்டில் சரியான அளவு தெரிந்தாலும் சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம். ஆகவே வயதையும் சேர்த்துக் கணக்கிடும் "இ.ஜி.எப்.ஆர்." எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். அது மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் குறைவாகவே இருந்தால் சிறுநீரகக் கோளாறு உண்டு என்று பொருள். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை கொடுக்கவே கூடாது.

பழைய சீட்டை எறியாதீர்கள்

ஸ்ரீவைகுண்டம் அணையில் இன்றைய நீர்மட்டம் மட்டும் தெரிந்தால் போதாது. ஏறுகிறதா இறங்குகிறதா என்றும் பார்க்கிறோம் அல்லவா? ரத்தமும் அப்படித்தான். போன வருஷம் 13 இருந்தது இப்போது 11 என்றால் அந்த இறக்கமே முக்கியம். சீட்டுகளைத் தேதி வாரியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட ஏரல் மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சீட்டைப் பார்த்து நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். எல்லாச் சீட்டுகளையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு, பெரியவரையும் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.