பட்டியலில் பெயர் இல்லை என்றால் ஆறு சுத்தமா?

கேள்வி: மாசடைந்த ஆறுகள் என்று 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் ஆந்திராவில் கோதாவரி, கிருஷ்ணா, துங்கபத்ரா, நாகாவளி, குந்து ஆகிய ஐந்துதான் இருந்தனவாம். எங்கள் சுவர்ணமுகி அதில் இல்லை. ஆனால் கோயிலுக்கு வருகிறவர்கள் இறங்குகிற இடத்திலேயே தண்ணீர் பச்சைபிடித்துக் கிடக்கிறது. இது சுத்தமான ஆறு என்றா அரசு சொல்கிறது?
- வாசகர், ஸ்ரீகாளஹஸ்தி

பதில்: அரசு அப்படிச் சொல்லவில்லை. நீங்களும் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. நாட்டிலுள்ள ஆறுகளையெல்லாம் மூலத்திலிருந்து முகத்துவாரம் வரை பார்த்து எழுதிய பட்டியல் அல்ல அது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாநில வாரியங்களும் குறிப்பிட்ட சில இடங்களில் தண்ணீர் எடுத்துச் சோதிக்கின்றன. அங்கே கிடைத்த எண்கள்தான் பட்டியலாகின்றன. சோதனை நடக்காத இடத்தில் சாக்கடையே ஓடினாலும் பெயர் ஏறாது.

இதற்குச் சென்னையின் கூவமே சாட்சி. அதே 2018 பட்டியலில் தமிழ்நாட்டுக்கு ஆறு பெயர்கள்: காவிரி, பவானி, தாமிரபரணி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி. கூவமும் அடையாறும் கிடையாது. 2022-இல் வந்த அடுத்த பட்டியலில் கூவத்தின் பி.ஓ.டி அளவு லிட்டருக்கு 345 மில்லிகிராம்; நாட்டிலேயே மிக மோசம். நான்கு வருடத்துக்குள்ளா கூவம் கெட்டுப்போனது? சென்னையில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

பி.ஓ.டி என்பது, தண்ணீரில் கிடக்கும் கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்ற கணக்கு. சோதிப்பவர் 300 மில்லி கண்ணாடிப் பாட்டிலை ஒரு காற்றுக்குமிழிகூட நிற்காதபடி நிரப்பி மூடுவார். ஆற்றங்கரையிலேயே அதில் இரண்டு ரசாயனங்களைச் சேர்ப்பார். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வண்டல் இறங்கும். ஆக்சிஜன் துளியும் இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். அந்த வெள்ளையைப் பார்த்த பிறகு அங்கே மீன் இருக்குமா என்று கேட்கத் தோன்றாது. அதே தண்ணீரின் இன்னொரு பாட்டில் 27 டிகிரி வெப்பத்தில், இருட்டில், மூன்று நாள் இருக்கும். முதல் நாள் இருந்த ஆக்சிஜனில் எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து பி.ஓ.டி வருகிறது. அது 3 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த இடம் மாசுபட்டது. 3 முதல் 6 வரை கடைசி வரிசை, 30-க்கு மேல் முதல் வரிசை. அடுத்தடுத்த இடங்கள் இப்படி இருந்தால் அவற்றைச் சேர்த்து ‘இன்ன ஊரிலிருந்து இன்ன ஊர் வரை’ என்று போடுகிறார்கள்.

முங்கி எழுகிறவருக்கு இதைவிட முக்கியம் மலக்கிருமி. குளிக்கும் தண்ணீரில் 100 மில்லிக்கு மலக் கோலிபார்ம் 500-க்குள் இருப்பது நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாது என்பது விதி. ஆனால் ஆறுகளை வரிசைப்படுத்துவது பி.ஓ.டியை வைத்துத்தான். இந்தக் குறை எனக்கு வெகுநாளாக உறுத்துகிறது.

உங்கள் ஆற்றுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சுவர்ணமுகி மழைக்கால ஆறு. 2021 நவம்பரில் திருச்சானூர் பக்கம் கரையோர வீட்டையே சாய்த்துக்கொண்டு போன வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரி நாளில் எடுத்த தண்ணீரும், சித்திரையில் குட்டையாகத் தேங்கி நிற்கிற தண்ணீரும் ஒன்றல்ல. ஆகவே எண்ணைக் கேட்கும்போது எந்தத் தேதியில் எடுத்தது என்றும் கேளுங்கள்.

கேள்வி: நகரி பக்கம் சாயக்கழிவு குசஸ்தலி ஆற்றில் கலப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். பி.ஓ.டி இதைக் காட்டிவிடுமா?
- வாசகர், நகரி

பதில்: முழுக்கக் காட்டாது. சாயக்கழிவில் பெரிய தொல்லை கரைந்த உப்பு. அது நுண்ணுயிர் தின்று தீர்க்கிற பொருளே அல்ல. திருப்பூர் நொய்யலைப் பாருங்கள்: ஒரத்துப்பாளையம் அணையில் உப்புத் தண்ணீர் தேங்கி, கீழே பாசன நிலம் பாழாகி, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அந்த நொய்யல் மேலே சொன்ன 2018 பட்டியலில் இல்லை. நீங்கள் புகார் எழுதும்போது மொத்தக் கரைந்த திடப்பொருள், அதாவது டி.டி.எஸ், நிறம், கன உலோகம் ஆகியவற்றையும் சோதிக்கச் சொல்லி எழுதுங்கள். நீங்கள் சொல்லும் ஆறு கொசஸ்தலையில் கலந்து பூண்டி ஏரிக்குப் போகிறது. அது சென்னை குடிக்கிற தண்ணீர். இதையும் மனுவில் சேர்க்கலாம்.

கேள்வி: சித்தூர் நீவா நதியைப் பட்டியலில் சேர்க்க வைப்பது எப்படி? சேர்ந்தால் ஊருக்குக் கெட்ட பெயர்தானே?
- வாசகர், சித்தூர்

பதில்: கெட்ட பெயரை நினைத்துத் தயங்காதீர்கள். 2018 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஆற்றுக்கும் மாநிலம் குழு அமைத்துச் செயல்திட்டம் தர வேண்டும், குளிக்கத் தகுந்த தரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவிட்டது. பட்டியலில் இருக்கிற ஆற்றுக்குத்தான் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. நீவாவுக்காகக் கேட்க ஆந்திராவுக்கு வெளியேயும் ஆள் உண்டு. தமிழ்நாட்டு எல்லை தாண்டியதும் அது பொன்னை ஆறு, போய்ச் சேர்வது பாலாற்றில். பாலாறோ 2022-இல் தமிழ்நாட்டின் பட்டியலில் ஏறிவிட்டது.

இனி, சேர்க்க வைக்கும் வழி. அமெரிக்காவில் 1972 சட்டப்படி மாநிலங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கெட்டுப்போன நீர்நிலைகளின் பட்டியலைத் தர வேண்டும். பொதுமக்கள் கொடுக்கும் அளவீடுகளையும் அவை பரிசீலிக்க வேண்டும். பட்டியலில் ஏறிய தண்ணீர் எவ்வளவு கழிவைத் தாங்கும் என்று கணக்கிட்டு அதற்குள் நிறுத்த வேண்டும். நம்மிடம் அந்தக் கட்டாயம் இல்லை. தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெலுங்கில் ஒரு மனு போடுங்கள்: நீவாவில் எந்தெந்த இடத்தில் தண்ணீர் எடுக்கிறீர்கள், கடந்த இரண்டு வருடத்தில் எந்தெந்தத் தேதியில், பி.ஓ.டியும் மலக் கோலிபார்மும் எவ்வளவு? இடமே இல்லை என்று பதில் வந்தால், ஊர்ச் சாக்கடை ஆற்றில் விழும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சோதனை இடம் கேட்டு அந்தப் பதிலையே இணைத்து அடுத்த மனு எழுதுங்கள். ஒரு நகல் தமிழ்நாட்டு வாரியத்துக்கும் போகட்டும்.