மருந்துக்கு மசியாத பூஞ்சை

2009-ஆம் ஆண்டு ஜப்பானில் ஒரு நோயாளியின் காதில் புதிய பூஞ்சை ஒன்று கண்டறியப்பட்டது. காதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்குக் 'காண்டிடா ஆரிஸ்' எனப் பெயரிட்டனர். தில்லியில் இரண்டு மருத்துவமனைகளில் 12 நோயாளிகளின் இரத்தத்தில் இது இருந்ததாக 2013-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். வழக்கமாகக் கொடுக்கும் ஃபுளூகோனசோல் மருந்துக்கு அது கட்டுப்படவில்லை.

வேறு மருந்து கொடுக்கலாமே என்பீர்கள். பாக்டீரியாவுக்கு உட்கரு இல்லை. பூஞ்சையின் செல்லிலோ நம் செல்லில் உள்ளதுபோல் உட்கரு உண்டு. ஆகவே, நம்மைத் தாக்காமல் பூஞ்சையை மட்டும் கொல்லும் மருந்துகள் மிகச் சிலவே.

இப்பூஞ்சை கட்டில் கம்பியிலும் வாரக்கணக்கில் உயிர்வாழும். கைகளின் வழியே பரவி, நோயாளிக்குச் செருகிய குழாய்கள் மூலம் இரத்தத்தில் நுழையும். சில கிருமிநாசினிகளுக்கு இது தப்பிவிடும், குளோரினுக்குத் தப்பாது. புதுக்கோட்டையாயினும் தில்லியாயினும், நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள்.