தமகோச்சி: பொம்மையா, பிள்ளையா?

பொம்மைகளுள் இருவகை உண்டு. நாம் வந்து எடுக்கும்வரை காத்துக்கிடப்பது ஒருவகை. மரப்பாச்சியும் துணிப்பொம்மையும் அவ்வகையின. தேர்வுகள் முடியும்வரை பெட்டிக்குள் கிடந்தாலும் அவற்றுக்கு யாதொரு குறையும் நேர்வதில்லை. மற்றொரு வகையோ நம்மை நிம்மதியாக இருக்க விடாது. கூப்பிடும்; போகாவிட்டால் வாடும்; நோயுறும்; இறுதியில் மாண்டும் போகும். இவ்விரண்டாம் வகையில் உலகமெங்கும் பெயர்பெற்றது, ஜப்பான் நாட்டில் 1996-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் விற்பனைக்கு வந்த ‘தமகோச்சி’. அன்று அதைக் கையில் வைத்து விளையாடிய சிறுமியர் பலர் இன்று நாற்பதை ஒட்டிய வயதினர். அவர்களே இன்று மீண்டும் அதனைத் தேடி வாங்குகின்றனர் என்பதால், இச்சிறு முட்டைக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று சற்றே ஆராய்ந்து பார்ப்போம், மாணவியரே!

‘தமகோ’ என்றால் ஜப்பானிய மொழியில் முட்டை. ஆங்கிலத்தில் கைக்கடிகாரத்தைக் குறிக்கும் ‘வாட்ச்’ என்னும் சொல்லை ஜப்பானியர் தம் நாவுக்கேற்ப ‘உவோச்சி’ என்பர். இரண்டும் சேர்ந்து பிறந்ததே தமகோச்சி. இதனை உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் ‘விஸ்’ என்னும் சிறு நிறுவனத்தைச் சேர்ந்த அகிஹிரோ யோகோய். மற்றவர் ‘பண்டாய்’ என்னும் பெரிய பொம்மை நிறுவனத்தில் பணியாற்றிய அகி மைதா என்னும் பெண்மணி. பயணம் புறப்படும் சிறுவன் ஒருவன் தன் ஆமையையும் உடன் கொண்டுசெல்ல விரும்பும் விளம்பரத்தைத் தொலைக்காட்சியில் கண்டபோதுதான் எங்கும் எடுத்துச்செல்லத்தக்க வளர்ப்புப் பிராணி என்னும் எண்ணம் யோகோய்க்குத் தோன்றிற்றாம். பொம்மையின் வடிவம் எவ்வாறு இருக்கவேண்டும் என்பதை அவர்கள் தாமாகவே முடிவு செய்துவிடவில்லை. டோக்கியோ மாநகரின் ஷிபுயாப் பகுதியில் உயர்நிலைப் பள்ளி மாணவியரிடம் மாதிரிகளைக் காட்டிக் கருத்துக் கேட்டனர். உங்கள் வயதுப் பெண்கள் சொன்ன கருத்தைக் கேட்டு ஒரு பெருந்தொழில் நடந்ததென்பது நாம் குறித்துக்கொள்ளத்தக்கது.

உள்ளங்கைக்குள் அடங்கும் முட்டை வடிவ நெகிழிக் கூடு; சாவி வளையம்போல் ஒரு சங்கிலி; நடுவே சிறு திரை; கீழே மூன்றே பொத்தான்கள். நேரத்தைச் சரிசெய்தால் திரையில் முட்டை ஒன்று துடிக்கும். ஐந்து நிமிடத்தில் அது பொரிந்து, கரும்புள்ளி போன்ற குஞ்சு வெளிவரும். ஒரு மணிநேரம் சென்றால் அது குழந்தைப் பருவம் கடந்து அடுத்த உருவம் பெறும். நமக்கு ஒரு நாள் என்பது அதற்கு ஓர் ஆண்டு. சோறு ஊட்டலாம், தின்பண்டம் கொடுக்கலாம், இடமா வலமா என ஊகிக்கும் ஆட்டம் ஆடலாம், மலங்கழித்தால் சுத்தம் செய்யலாம், நோயுற்றால் ஊசி போடலாம், உறங்கும்போது விளக்கை அணைக்கலாம். காரணமின்றிக் கூச்சலிட்டால் கண்டிக்கவும் செய்யலாம்! தின்பண்டம் கொடுத்தால் மகிழ்ச்சி கூடும், உடனே எடையும் கூடும். நம் வீட்டுப் பெரியவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் செய்தியை ஜப்பானியப் பொம்மையும் சொல்கிறது.

இனி, இதன் உட்புறத்தைக் காண்போம். அறிவியல் பயிலும் மாணவியர் இப்பகுதியைச் சற்று ஊன்றிப் படிக்கவேண்டும்.

முதல் தமகோச்சியின் திரையில் குறுக்காக 32 புள்ளிகள், நெடுக்காக 16 புள்ளிகள். ஆக மொத்தம் 512 புள்ளிகளே. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பாகும், அல்லது வெறுமையாகும். இந்த 512 புள்ளிகளைக் கொண்டே அழுகை, சிரிப்பு, உறக்கம், நோய் அனைத்தையும் காட்டிவிட்டனர். ஓவியம் பழகுவோர், ஒரு கட்டத் தாளில் 32-க்கு 16 கட்டங்கள் வரைந்துகொண்டு, அதற்குள் அழும் முகம் ஒன்றைத் தீட்டிப் பாருங்கள். எத்துணைக் கடினம் என்பது அப்போது விளங்கும்.

அதன் மூளையாகிய சில்லு ஒரே நேரத்தில் நான்கு இரும இலக்கங்களை மட்டுமே கையாளவல்லது. அதாவது 0 முதல் 15 வரையுள்ள ஓர் எண்ணை மட்டும். அதற்கு நேரத்தை உணர்த்துவது ஒரு குவார்ட்ஸ் படிகம். கைக்கடிகாரங்களில் இருப்பதும் இதுவே. மின்னோட்டம் பட்டால் இப்படிகம் ஒரு நொடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த விந்தையான எண்? 2-ஐ 2-ஆல் தொடர்ந்து பெருக்கி, பதினைந்து இரண்டுகளின் பெருக்குத்தொகையைக் காணுங்கள், 32,768 கிடைக்கும். ஆதலால் அதிர்வுகளைப் பதினைந்து முறை பாதி பாதியாகக் குறைத்தால் சரியாக நொடிக்கு ஒரு துடிப்பு மிஞ்சும். இத்துடிப்புகளை எண்ணிக்கொண்டே அச்சில்லு காத்திருக்கிறது. குறித்த அளவு நேரம் கழிந்ததும் ‘பசி’ என்னும் கட்டத்தில் உள்ள நான்கு இதயங்களுள் ஒன்றை அழிக்கிறது. நாம் பொத்தானை அழுத்திச் சோறூட்டினால் ஒன்றைக் கூட்டுகிறது.

அவ்வளவுதான்! பசி என்பது அங்கே ஓர் எண். நான்கிலிருந்து பூச்சியத்தை நோக்கி இறங்கும் எண். வலி இல்லை, வயிறும் இல்லை.

ஆயினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. நாம் எத்தனை முறை சோறூட்டினோம் என்பதால் மட்டும் அதன் எதிர்காலம் அமைவதில்லை. அது கூப்பிட்டபோது எத்தனை முறை நாம் போகாமல் இருந்தோம் என்பதைக் கணக்கு வைத்துக்கொள்கிறது. கால் மணிநேரம் ஏனென்று கேளாவிட்டால் ஒரு குற்றம். அக்கணக்கு எந்தப் பொத்தானை அழுத்தினாலும் நமக்குக் காட்டப்படமாட்டாது. குற்றம் குறைவாக இருந்து, கண்டிப்பும் முறையாக இருந்தால் அது ‘மமெச்சி’ என்னும் அறிவுள்ள நற்பிள்ளையாக வளரும். மிகுந்தால் வேறு உருவம் எடுக்கும். செய்த தீமையைவிடச் செய்யத் தவறிய நன்மையை எண்ணிப் பார்ப்பது எளிதன்று. திருப்பலியின் தொடக்கத்தில் நாம் கடமையில் தவறியதையும் ஒரு பாவமாக அறிக்கையிடுகிறோம் அல்லவா? பொம்மை செய்தோர் அதை நினைத்துச் செய்யவில்லை. எனினும் இவ்வொப்புமை வியப்புக்குரியதே.

விலை 1,980 யென் என விற்ற அப்பொம்மைக்குக் கடைவாயில்களில் நீண்ட வரிசைகள் நின்றன. 1997-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவுக்கும் சென்றது. தொல்லை தொடங்கியது பள்ளிகளில்தான். முதல் வகைத் தமகோச்சி காலை 9 மணிக்குக் கண்விழிக்கும். வகுப்புகள் நடக்கும் நேரம் முழுதும் அதற்குப் பசிக்கும், கூப்பிடும். அரைநாள்கூடக் கவனியாவிட்டால் இறந்துவிடக்கூடும். எனவே பிள்ளைகள் அதைப் பைக்குள் ஒளித்துப் பள்ளிக்குக் கொண்டுவந்தனர். பாடத்தின் நடுவே ‘பீப், பீப்’ என்னும் ஒலி! பல நாடுகளில் பள்ளிகள் அதற்குத் தடை விதித்தன. அத்தடையின் பயன் யாது? பிள்ளைகள் அதைத் தாயின் கையில் ஒப்படைத்துச் சென்றனர். அடுப்படியிலும் அலுவலகத்திலும் அன்னையர் அதற்குச் சோறூட்டினர். 1997-இல், முதலில் சிரிக்கவைத்துப் பின் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கென வழங்கப்படும் ‘இக் நோபல்’ என்னும் நகைச்சுவைப் பரிசு, பொருளாதாரப் பிரிவில் மைதாவுக்கும் யோகோய்க்கும் அளிக்கப்பட்டது. இலட்சக்கணக்கான மணிநேர மனித உழைப்பை இல்லாத பிராணியின் வளர்ப்புக்குத் திருப்பிவிட்டமைக்காக! பரிசு வேடிக்கையாயினும் கணக்கு வேடிக்கையன்று.

மூவேளைச் செபத்துக்கு ஒலிக்கும் மணியும் நம் வேலையை நிறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அது குறித்த வேளையில், எல்லாருக்கும் பொதுவாக ஒலித்து ஓய்ந்துவிடும். இம்முட்டையோ ஒருத்தியை மட்டும், தான் விரும்பும் வேளையில் அழைக்கும். இன்று நம் வீட்டுக் கைப்பேசிகள் மின்னி மின்னி அழைப்பதற்கு இது ஒரு முன்னோடி என்பது என் கருத்து. கைப்பேசியேனும் எவரோ ஒரு மனிதரிடமிருந்து செய்தி கொணரும்.

இறப்பைப் பற்றியும் கூறவேண்டும். ஜப்பானில் விற்ற பொம்மையில் பிராணி இறந்தால் கல்லறையும் ஆவியுருவும் திரையில் தோன்றும். ஆங்கில மொழி நாடுகளுக்கு அனுப்பியபோது கல்லறையை நீக்கி, சிறகுடைய வானதூதர் உருவத்தை வைத்தனர். பிள்ளைகள் அஞ்சுவர் என்பது காரணம். ஆனால் வானதூதரைக் கண்டும் பிள்ளைகள் அழத்தான் செய்தனர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வளர்ப்புப் பிராணிகளைப் புதைக்கும் கல்லறைத் தோட்டம் ஒன்றில், 1998-இல் தமகோச்சிகளுக்கென்றே ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. பொத்தானை அழுத்திப் புதிய முட்டையைப் பெறலாம் என்று தெரிந்தும் சில பிள்ளைகள் அதற்கு உடன்படவில்லை. போனது வேறு, வருவது வேறு என்று அவர்களுக்குத் தோன்றிற்று.

இதைக் கேட்டு நகைப்போர் உண்டு. ‘உயிரற்றதற்கு அழுவது பேதைமை’ என்பர். நான் அவ்வாறு எண்ணவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ் விலங்குகளைப் பற்றி எழுதுமிடத்து ஒரு கருத்தைக் கூறுகிறார். கூட்டில் முட்டைகளின்மேலோ குஞ்சுகளின்மேலோ அமர்ந்திருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்கலாகாது என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. இத்தகைய கட்டளைகள், விலங்கிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் கொடியவன் ஆகாதிருக்கும்பொருட்டு அமைந்தவை என்பது அவர் தரும் விளக்கங்களுள் ஒன்று. அதாவது, நம் செயல் எதன்மேல் படுகிறதோ அதனை மட்டுமன்றி, செய்யும் நம்மையும் உருவாக்குகிறது. அப்படியாயின், 512 புள்ளிகளுக்காக இரவில் எழுந்த சிறுமியின் இரக்கம் பொய்யாகாது. இரக்கம் அவளுடையது, எண் மட்டுமே பொம்மையுடையது.

அதற்காக, இப்பொம்மை பொறுப்பைக் கற்பிக்கும் என்று அன்று சொல்லப்பட்டதை அப்படியே ஏற்பதற்கும் இல்லை. வீட்டில் ஒரு கைக்குழந்தை அழுகிறது. பசியா, வயிற்றுவலியா, எறும்பு கடித்ததா? தாய் பார்க்கிறாள், தொடுகிறாள், ஊகிக்கிறாள், சில வேளை தவறாகவும் ஊகிக்கிறாள். பொம்மையில் தேவைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒரு விடை. உற்றுநோக்க வேண்டிய தேவையே இல்லை. வேளை தவறாமையை அது பழக்கக்கூடும். பிறர் துயரை அறியும் கலையை அதனால் பழக்க இயலாது. மேலும், பொழுதுபோகவில்லையென்று வேண்டுமென்றே அதைச் சாகவிட்டு வேடிக்கை பார்த்த பிள்ளைகளும் உண்டு. அக்குவினாசின் விளக்கம் அவ்விடத்தும் பொருந்தும்.

வணிகக் கதை சுருக்கமானது. 1997-இல் பண்டாய் நிறுவனமே சிறுவர்களுக்கென, ஒன்றோடொன்று இணைத்துச் சண்டையிடவிடும் ‘டிஜிமான்’ வகையை வெளியிட்டது. பெண்பிள்ளைக்கு வளர்ப்பு, ஆண்பிள்ளைக்குப் போர் என்று பொம்மைக்கடைக்காரர் பிரித்த பிரிவை நாம் ஏற்கவேண்டியதில்லை. 1998 முடிவதற்குள் மோகம் தணிந்தது. அளவின்றிச் செய்து குவித்தவை விலைபோகாமல் தேங்க, நிறுவனம் பெருநட்டம் அடைந்தது. பின்னர் 2004-இல் அகச்சிவப்புக் கதிர்வழி இரு பொம்மைகள் பேசிக்கொள்ளும் வகை வந்து மீண்டும் எடுபட்டது. 2008-இல் வண்ணத் திரை. 2023-இல் கம்பியில்லா இணைய இணைப்பு. 2021-ஆம் ஆண்டுக்குள் 8 கோடிக்கு மேல் விற்பனையாகியிருந்தன. 2025-இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகர அருங்காட்சியகத்தில் உள்ள உலக நிகழ்பட விளையாட்டுப் புகழ்மன்றத்தில் தமகோச்சிக்கும் இடம் கிடைத்தது.

பெரியவர்களான பின்னும் இதனை விடாதோருள் பெயர் சொல்லத்தக்கவர் நதாலி சில்வானோவிச் என்னும் பெண் பொறியியலாளர். பிந்தைய தமகோச்சிகளின் சில்லுகளைத் திறந்து, உள்ளிருக்கும் கட்டளை நிரலை வெளிக்கொணரும் முயற்சியில் இறங்கி, 2012 டிசம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கூடிய கணிப்பொறி வல்லுநர் மாநாட்டில் அதனை விளக்கினார். சிறுமியர் அழுத கண்ணீருக்குப் பின்னால் இருந்த எண்களை ஒரு பெண்ணே எடுத்துப் படித்தார்.

வீட்டுப் பரணில் பழைய தமகோச்சி ஏதேனும் அகப்பட்டால் பெற்றோர் கவனிக்க: முதல் வகையில் எல்.ஆர்.44 என்னும் சிறு பொத்தான் பேட்டரி இரண்டு இருக்கும். பின்புறத் திருகாணியைக் கழற்றிப் பழையவற்றை எடுத்துவிடுங்கள். கசிந்திருந்தால் தகடுகள் பச்சைபூத்து அரித்திருக்கும். அச்சிறு பேட்டரிகள் கைக்குழந்தைகளின் வாய்க்கு எட்டலாகாது. விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். புதியன இட்டு மூடிய பின், முன்பு வளர்த்த பிள்ளை திரும்பி வராது. பேட்டரி எடுத்தபோதே அதன் எண்கள் அழிந்துவிட்டன. திரையில் முட்டைதான் தெரியும். நேரத்தைச் சரிசெய்யுங்கள், ஐந்து நிமிடத்தில் பொரியும்.