செஸ் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதா?

2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, போட்டிச் சின்னமான வேட்டி கட்டின ‘தம்பி’ குதிரையைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் செஸ் பலகை கேட்காத வீடு எங்கள் மம்சாபுரத்தில் குறைவுதான். சிங்கப்பூர் மாமா எப்போதோ கொண்டுவந்த செஸ் கம்ப்யூட்டர் உங்கள் பரணில் தூங்கினால் இறக்குங்கள். கொஞ்சம் தட்டிக்கொட்டினால் ஓடிவிடும், புதுசு வாங்கும் செலவு மிச்சம்!

1. முதலில் செல் போடும் இடத்தைத் திறந்து பாருங்கள். அல்கலைன் செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் காது குடையும் பட்ஸில் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் துடையுங்கள். மலிவான சாதா செல் கசிந்திருந்தால் எலுமிச்சை வேண்டாம், சமையல் சோடா கரைத்த தண்ணீர்தான் சரி. கையில் பிளாஸ்டிக் உறை அவசியம். நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்பிரிங்கை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பாதி வியாதி தீர்ந்தது.

2. ஆட்டம் நடுவில் திடீரென்று அணைகிறதா? ரீசார்ஜ் செல் போட்டிருப்பீர்கள். அது ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் தரும். ஆறு போட்டாலும் 9 வோல்ட் வராது, 7.2 தான். சில பலகைகளுக்கு அது போதாது.

3. பழைய ரேடியோ அடாப்டர் முனை சேருகிறதே என்று சொருகிவிடாதீர்கள். பலகையின் அடியில் எத்தனை வோல்ட், நடு ஊசி பிளஸ்ஸா மைனஸா என்று சின்னப் படம் இருக்கும். அடாப்டரிலும் அதே படம் இருக்க வேண்டும். மாறிப்போனால் உள்ளே இருப்பது கருகிவிடும்.

4. எந்தப் பொத்தானுக்கும் அசையாமல் உறைந்து நின்றால் அடியில் ஊசித்துளை ஒன்று இருக்கிறதா பாருங்கள். பக்கத்தில் ‘ரீசெட்’ அல்லது ‘ஏசிஎல்’ என்று எழுதியிருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி மெதுவாக ஒரு அழுத்து. துளையே இல்லாவிட்டால் செல்லைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

5. ‘பீப்’ என்று கத்தி உங்கள் நகர்த்தலை ஏற்க மறுத்தால் ரிப்பேர் என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் அது ஆடிய காயை நீங்கள் நகர்த்த மறந்திருப்பீர்கள், இல்லை ராஜாவுக்குச் செக் இருக்கும். காஸ்லிங் செய்யும்போது ராஜாவை முதலில் நகர்த்தி, பிறகு யானையைத் தொடுங்கள். இரண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாயால் வெட்டினால், வெட்டுப்பட்டது நின்ற கட்டத்தையும் அழுத்தச் சொல்லும்.

6. ஒரே ஒரு கட்டம் வேலை செய்யவில்லையென்றால் கோளாறு அந்தக் கட்டத்தின் அடியில். ஒரு வரிசை முழுக்கச் செத்திருந்தால் உள்ளே ஒரு கம்பியோ பட்டை வயரோ விட்டிருக்கும், கட்டங்களில் பழுதில்லை. இதை முன்கூட்டியே சொன்னால் ரேடியோ மெக்கானிக் பலகை முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை, கூலியும் குறையும்.

7. அழுத்தும் பலகையில் தொலைந்த சிப்பாய்க்குப் புளியங்கொட்டை போதும். காந்தப் பலகைக்கு அது பலிக்காது. காயின் அடியில் சின்னக் காந்தம் ஒட்ட வேண்டும்.

8. மணிக்கணக்கில் யோசித்துக்கொண்டே இருந்தால் முடிவில்லாமல் ஆராயும் லெவலில் மாட்டியிருக்கும். நகர்த்தும் பொத்தானை அழுத்தினால் அந்த நேரத்தில் தோன்றியதை ஆடிவிடும். பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மூன்று லெவலே தாராளம்.

9. நூல் மில்கள் உள்ள ராஜபாளையம் பக்கம் பஞ்சுத்தூசிக்குக் குறைவே இல்லை. ஆடி முடித்ததும் பழைய வேட்டித் துணியால் மூடிவையுங்கள். துடைக்க ஈரம் பிழிந்த துணி போதும். தின்னரும் பெட்ரோலும் எழுத்தையே அழித்துவிடும்.

10. வெயிலில் வைத்தால் திரை கறுத்துப்போகும். பயப்பட வேண்டாம், நிழலில் ஆறினால் பெரும்பாலும் தெளியும். ஐப்பசியில் மலைப்பக்கம் இடி கேட்டால் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள்.

11. கரண்ட் போனால் ஆட்டம் மறந்துபோகும் பலகைகள் உண்டு. நகர்த்தல்களை நோட்டில் எழுதும் பழக்கம் வந்தால் காய்களை மறுபடி அடுக்கித் தொடரலாம். போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் எப்படியும் வேண்டும்.

12. ‘யோசனை சொல்’ பொத்தானைத் தோற்ற பிறகு மட்டும் தொடவிடுங்கள். 2024-ல் உலக சாம்பியனான நம் குகேஷே கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை கம்ப்யூட்டர் எஞ்சின் துணையில்லாமல் பழகியவர்தான்.

13. பழசாக வாங்கப் போனால் செல்லைப் பையில் எடுத்துப் போங்கள், கடையில் ‘செல் இல்லை’ என்பார்கள். பலம்தான் வேண்டுமென்றால் போனில் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சின் இலவசமாகவே கிடைக்கிறது. பலகைக்குக் காசு கொடுப்பது காயைக் கையால் தொட்டு ஆடத்தான். அதனால் 64 கட்டத்தையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.