ராணி, ஆறு, நாலு

தேனாம்பேட்டை, தி.நகர் பக்கம் கிளப்பில் ரம்மி ஆடிப் பழகியவர்கள் கோவா கேசினோவில் உட்கார்ந்ததும் முதலில் பார்ப்பது டீலரின் முகத்தைத்தான். ரம்மியில் அந்தப் பழக்கம் சோறு போடும். எதிராளி எந்தச் சீட்டை எடுக்கிறார், எதைக் கழிக்கிறார், எங்கே தயங்குகிறார் என்று கவனிப்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. டீலரோடு ஆடும் போக்கரில் அதற்கு வேலையே இல்லை. நம் முடிவைச் சொன்ன பிறகுதான் அவர் தன் சீட்டுகளைத் திருப்புகிறார். அதுவரை அவருக்கே தன் கையில் என்ன இருக்கிறதென்று தெரியாது. தொடர்வதா மடிப்பதா என்ற முடிவும் அவருடையதல்ல. எல்லாவற்றையும் விதி தீர்மானிக்கிறது. ஆகவே இந்த மேசைக்குக் கொண்டுபோக வேண்டியது கணக்கு மட்டும்தான். அந்தக் கணக்கு சின்னதுதான், யாரும் கற்றுக்கொள்ளலாம்.

இந்த மேசை சென்னையில் கிடையாது. மாநகருக்குள் 1888-ஆம் ஆண்டின் நகரப் போலீஸ் சட்டமும், வெளியே 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. கிண்டியில் ஓடிய குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. ரம்மியையும் போக்கரையும் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அதே வரிசையில் வைத்தது. ஆனால் அங்கே பேசப்பட்டது ஆளோடு ஆள் மோதும் போக்கர். கேசினோவோடு ஆடுவதை அந்தத் தீர்ப்புக்குள் கொண்டுவந்து வாதாடுவது என் பார்வையில் சரியல்ல. போனில் ‘லைவ் டீலர்’ என்று வரும் அழைப்புகளை அறவே ஒதுக்குங்கள். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதம் பார்க்காமல் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. சட்டத்துக்கு உட்பட்டு ஆட வேண்டுமென்றால் நமக்குப் பழக்கமான இடம் பணாஜி. மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்கள். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

நான் விரும்பி உட்காருவது த்ரீ கார்டு போக்கர் மேசையில். டெரெக் வெப் என்ற ஆங்கிலேயர் 1994-இல் உருவாக்கிய ஆட்டம் அது. முதலில் ‘ஆன்டி’ என்ற பந்தயத்தை வைக்கிறோம். நமக்கு மூன்று சீட்டு, டீலருக்கு மூன்று சீட்டு. நம் சீட்டைப் பார்த்துவிட்டு மடித்தால் ஆன்டி போய்விடும். தொடர்வதென்றால் ஆன்டிக்குச் சமமான தொகையை ‘ப்ளே’ கட்டத்தில் வைக்க வேண்டும். டீலரின் கையில் குறைந்தது ராணியாவது இருந்தால்தான் அது தகுதியான கை. தகுதி இல்லையென்றால் ஆன்டிக்கு ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும், ப்ளே பணம் அப்படியே திரும்பி வரும். தகுதி இருந்து நாம் ஜெயித்தால் இரண்டுக்கும் ஒன்றுக்கு ஒன்று. தோற்றால் இரண்டும் போகும்.

எப்போது தொடர்வது? ராணி, ஆறு, நாலு. அதற்குச் சமமான அல்லது மேலான கை என்றால் தொடருங்கள், கீழே என்றால் மடியுங்கள். ராணி-ஏழு-இரண்டு வந்தால் தொடரலாம், ஏழு ஆறைவிடப் பெரியது. ராணி-ஐந்து-நாலு வந்தால் மடிக்க வேண்டும். ராஜா வந்தால் கூட எது இருந்தாலும் தொடரலாம்.

இந்த எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது அவசியம், இல்லாவிட்டால் மேசையில் கை துறுதுறுக்கும்போது விதி மறந்துபோகும். ஆன்டி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் ஜாக்கிதான் பெரியது. நூறு ஆட்டத்தில் சுமார் முப்பதில் டீலரின் கை தகுதி பெறாது. அந்த முப்பதிலும் உங்களுக்கு 500 வீதம் 15,000 வரும். மீதி எழுபதிலும் டீலரிடம் ராணியோ அதற்கு மேலோ இருக்கும். ஜாக்கியால் ஒன்றைக்கூட வெல்ல முடியாது. ஆயிரம் வீதம் 70,000 போகும். நிகர நஷ்டம் 55,000, அதாவது ஆட்டத்துக்கு 550. மடித்திருந்தால் 500-தான் போயிருக்கும். ‘டீலருக்கு ராணி வராமலா போகும்’ என்று கேட்பவரைவிட, ‘வராமல் போகட்டுமே’ என்று தைரியமாகத் தொடர்பவர்தான் இந்த 50 ரூபாயை ஒவ்வொரு முறையும் கேசினோவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ராணி-ஆறு-நாலில்தான் அபூர்வமாகக் கிடைக்கும் சில வெற்றிகள் சேர்ந்து, தொடர்வதன் நஷ்டம் மடிப்பதன் நஷ்டத்துக்கு மயிரிழை கீழே இறங்குகிறது. இந்த ஆட்டத்தில் பிளஃபும் எடுபடாது. மிரண்டு மடிக்க எதிரே ஆள் இல்லை.

பக்கத்தில் ‘பேர் ப்ளஸ்’ என்று இன்னொரு கட்டம் இருக்கும். டீலர் கை எப்படியிருந்தாலும், நமக்கு ஜோடியோ அதற்கு மேலோ வந்தால் பணம். இங்கேதான் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். மேசைத் துணியிலேயே தொகை அச்சிட்டிருக்கும், உட்காரும் முன் படியுங்கள். மூன்று சீட்டுக் கைகள் மொத்தம் 22,100. அதில் ஒன்றுமில்லாத கைகள் மட்டும் 16,440. ஜோடி 3,744, கலர் (மூன்றும் ஒரே இனம்) 1,096, சீக்வென்ஸ் (அடுத்தடுத்த சீட்டுகள், இனம் கலந்தது) 720, மூன்றும் ஒரே எண் 52, ப்யூர் சீக்வென்ஸ் (ஒரே இனத்தில் அடுத்தடுத்தவை) 48. ஜோடிக்கு 1, கலருக்கு 4, சீக்வென்ஸுக்கு 6, பிறகு 30, 40 என்று கொடுக்கும் மேசையில் கேசினோவின் பங்கு 2.32 சதவீதம். கலருக்கு 4 என்பது 3 ஆகியிருந்தால் அதே பங்கு 7.28 சதவீதம். ஓர் எண்தான் மாறியிருக்கிறது, விலை மூன்று மடங்கு. கலருக்கு 3 என்று எழுதியிருந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு சிப் கூட வைக்காதீர்கள்.

தீபாவளி இரவில் வீட்டில் மூன்று சீட்டு ஃப்ளஷ் ஆடியவர்களுக்கு, எந்தக் கை பெரியது என்ற வரிசையில் ஒரு குழப்பம் வரும். வீட்டில் மூன்று ஏஸ் வந்தால் அதற்கு மேல் கை இல்லை. இங்கே ப்யூர் சீக்வென்ஸ் அதைவிடப் பெரிது, மேலே சொன்ன 48, 52 கணக்கே காரணம். ஏஸ்-இரண்டு-மூன்று நம் ஆட்டத்தில் இரண்டாவது பெரிய சீக்வென்ஸ், இந்த மேசையில் கடைசி.

சரியாக ஆடினாலும் இந்த ஆட்டம் இலவசமல்ல. ஆன்டியில் கேசினோவின் பங்கு 3.37 சதவீதம். 500 ரூபாய் ஆன்டியில் மணிக்கு 40 ஆட்டம் ஓடினால் சராசரியாக 670 ரூபாய் சொச்சம் போகும். ஓரிரவில் இதைவிடப் பல மடங்கு ஏறவும் இறங்கவும் செய்யும். ஆனால் இதுதான் நீங்கள் வாங்கும் பொழுதுபோக்கின் விலை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆன்டியும் ப்ளேயும் சேர்த்து 1,000 வேண்டும் என்பதால், ஆன்டியைப் போல் நாற்பது மடங்காவது கையில் இல்லாமல் நான் உட்காருவதில்லை. அது வாடகைக்கோ பிள்ளையின் ஃபீஸுக்கோ எடுத்து வைத்த பணமாகவோ, கடனாகவோ இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சமரசமே இல்லை. கடனோடு வந்தவரால் ராணி-ஐந்து-நாலை மடிக்க முடியாது.

கேசினோவின் பங்கைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. 2023 அக்டோபர் முதல் சிப்ஸ் வாங்கும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். வரியை முழுக்க நம் தலையில் வைத்தால் 14,000 கொடுத்து 10,000-க்குச் சிப்ஸ் வாங்குகிறோம். 3.37 சதவீதத்துக்காக இத்தனை கணக்குப் போட்டுவிட்டு இதைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. வரி போக எவ்வளவுக்குச் சிப்ஸ் வரும், நுழைவுக் கட்டணத்தில் எவ்வளவு சேர்த்தி என்று கவுன்டரில் தெளிவாகக் கேளுங்கள். ஜெயித்ததை மறுபடி மேசையில் வைத்து ஆடினால் அதற்குத் தனியாக ஜிஎஸ்டி இல்லை. ஜெயித்த பணத்துக்கு வருமான வரி 30 சதவீதம், தோற்றதை அதில் கழிக்க முடியாது.

மேசை ஒழுக்கம் எளிது. பணத்தை டீலர் கையில் கொடுக்காமல் மேசையில் வையுங்கள். சீட்டை மேசைக்குக் கீழே இறக்காதீர்கள். ப்ளே பணம் வைத்தபின் சிப்ஸைத் தொடாதீர்கள். மது அங்கே தாராளமாக வரும், நான் எழுந்த பிறகுதான் குடிப்பேன்.

அருகிலேயே ஐந்து சீட்டில் கரீபியன் ஸ்டட் ஓடும். தொடர்வதற்கு ஆன்டியைப் போல் இரண்டு மடங்கு வைக்க வேண்டும், டீலருக்கு ஏஸ்-ராஜாவாவது வேண்டும். எந்த ஜோடிக்கும் தொடரலாம், ஏஸ்-ராஜாவுக்குக் கீழே எல்லாமே மடிப்பு. கேசினோவின் பங்கு ஆன்டியில் 5.22 சதவீதம். அதைவிட என்னைத் தள்ளி வைப்பது வேறு. நூற்றில் 44 முறை டீலருக்குத் தகுதி வராது. நம் கையில் மூன்று ராஜா இருந்தாலும் அப்போது ஆன்டிக்கு மட்டும்தான் பணம்.