தொலைமருத்துவமும் உழைச்செல்வானும்

மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு என்பது திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் வகுத்த வகை. நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றனோடு உழைச்செல்வானையும் அவர் எண்ணுகின்றார். உழை என்பது பக்கம். உழைச்செல்வான் நோயாளியின் பக்கத்தே நின்று பேணுவோன். மருத்துவர் எட்ட இருந்தே மருத்துவம் செய்யும் இக்காலத்தில் அந்நான்காம் உறுப்பு வேண்டுமோ என ஈண்டு ஆராய்வாம்.

தொலைமருத்துவமாவது, நோயாளியும் மருத்துவரும் வெவ்வேறிடத்திருக்க, குரலும் படமும் சோதனைக் குறிப்பும் மின்வழியே சென்று இருவரையும் கூட்டுவிப்பது. 2000-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டத்து அரகொண்டாச் சிற்றூர் மருத்துவமனை செயற்கைக்கோள் வழியே நகரத்து மருத்துவரோடு இணைக்கப்பெற்றது. பெருந்தொற்றுப் பரவிய 2020 மார்ச்சு 25-இல் இந்திய அரசு இதற்கு நெறிமுறை வகுத்தது. அடுத்த திங்களில் ‘இ-சஞ்சீவனி’ வாயிலாக வீட்டிலிருந்தே மருத்துவரைக் காண வழி பிறந்தது.

இதன் பயனை அறியச் சடையங்குப்பத்தை நோக்குவோம். அவ்வூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது. ஸ்டான்லி மருத்துவமனையும் அதே நகரில் உள்ளதே. ஆயினும் நாட்கூலி செய்வார்க்குத் தொலைவு கல்லால் அளக்கப்படுவதன்று, கூலியால் அளக்கப்படுவது. யாம் அறிந்த மூதாட்டி ஒருத்தி, தன்னுடன் வந்தால் மகன் ஒருநாட் கூலியை இழப்பானே என்றெண்ணிக் கால்விரற் புண்ணை ஒரு திங்கள் மறைத்தாள்; சர்க்கரை நோயால் அது முற்றி, விரலையே இழந்தாள்.

கைப்பேசி இருந்தும் இவ்வாறாயிற்றே எனின், வீட்டிற்கு ஒன்றாகிய அதனை மகன் வேலைக்குக் கொண்டுசென்றுவிடுவான். கொசத்தலையாறு பெருகி மின்சாரம் நின்றாலோ, மருத்துவம் மிக வேண்டும் நாளிலேயே கருவி ஊமையாகும். அன்றியும், வயிற்றை அழுத்தி அறியும் நோயைத் திரை அறியமாட்டாது. நேரிற் காண வேண்டியவரை நேரிலேயே காண்க என அரசின் நெறிமுறையும் மருத்துவரைப் பணிக்கின்றது.

இவ்விடர்களைக் கடக்க மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஒரு வழி காட்டுகின்றது. அதனார் 2004 முதல் சிற்றூர்களில் கண்பார்வை மையங்கள் நடத்தி வருகின்றனர். அங்கே பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைக் கருவியாற் சோதித்துக் குறித்து அனுப்புவர். தலைமை மருத்துவமனையிலுள்ள மருத்துவர் நோயாளியோடு திரையிற் பேசி முடிவு கூறுவர். கண்ணாடி போதுமானவர் அங்கேயே அதனைப் பெறுவர். அறுவை வேண்டுவோரே பயணம் செய்வர். இங்கு வென்றது கருவி மட்டுமன்று. கருவியின் இப்பால் நின்ற உழைச்செல்வாளும் அன்றோ?

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர். இத்தகையோர் கையில் திரையும் சேர்தல் வேண்டும். அம்மூதாட்டியின் புண்ணை முதல் வாரத்திலேயே கண்டு மருத்துவர்க்குக் காட்ட ஒருவர் இருந்திருப்பின், விரல் பிழைத்திருக்கலாம். தொலைவிலுள்ள அறிவு பயன்படுதற்கு அருகில் ஒரு கை வேண்டும் என்பதே யாம் கண்ட முடிபு.