வாப்பாவின் லாச்சியில் கிடக்கும் மைப்பேனைக்கு

ஒலுவில் துறைமுகத்து அலைதடுப்புக் கல்லில் பின்னேரம் கால் மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தால் மூக்குக்கண்ணாடியில் உப்புப் பூத்திருக்கும். 2013இல் துறைமுகம் திறந்த பிறகு ஒரு பக்கம் அதன் வாயை மண் மூடுகிறது, இன்னொரு பக்கம் ஊரின் கரையைக் கடல் தின்கிறது. அந்தக் கவலை பெரிது. அதை வேறொரு நாள் எழுதவேண்டும். இன்றைக்கு அந்த உப்புக் காற்றைப் பற்றி மட்டும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று கரையோரத்து வீடுகளுக்குள் புகுந்து கதவுப் பிணைச்சலையும் அலுமாரிப் பூட்டையும் அரிக்கிற அதே காற்று, மேசை லாச்சிக்குள் கிடக்கும் பழைய மைப்பேனையையும் விட்டுவைப்பதில்லை.

நம்முடைய ஊர்களில் இந்தப் பேனைகள் நிறைய உண்டு. வாத்திமாரும், விதானைமாரும், கந்தோரில் வேலை பார்த்தவர்களும் வைத்திருந்தவை. பிறகு சவூதிக்கும் கட்டாருக்கும் போனவர்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தவை. இருபது வருஷத்துக்கு மேலாக நான் இவற்றைச் சேர்க்கிறேன், கூட்டாளிமாரோடு மாற்றுகிறேன். கைபட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. பழைய பேனை கையில் கிடைத்தவுடன் மை ஊற்றி எழுதிப் பார்க்க வேண்டாம். அது எதனால் செய்தது என்று முதலில் தெரியவேண்டும். பெருவிரலால் உடம்பை அரை நிமிஷம் அழுத்தித் தேய்த்துச் சூடாக்கி மூக்கில் பிடியுங்கள். கந்தக வாசம் வந்தால் எபொனைட், அதாவது கெட்டியாக்கிய இறப்பர். கற்பூர வாசம் வந்தால் செலுலொயிட். பழைய இங்கிலாந்துப் பேனைகள் சிலவற்றில் பாலிலிருந்து எடுத்த கேசின் என்ற பொருளும் உண்டு. 1905இல் லண்டனில் தொடங்கிய கொன்வே ஸ்டுவேர்ட் அதில் அழகழகான நிறங்களில் செய்தது. வாசமே இல்லாவிட்டால் பெரும்பாலும் பிந்திவந்த பிளாஸ்டிக். கீழே வரும் குறிப்பெல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

2. எபொனைட் பேனையைத் தண்ணீரில் ஊறப்போடவே கூடாது. நான் சேர்க்கத் தொடங்கிய காலத்தில் கன்னங்கரேலென்று இருந்த ஒரு பேனையை, காய்ந்த மை கரையட்டும் என்று வெந்நீர்க் கோப்பையில் இரவு முழுக்கப் போட்டுவைத்தேன். சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் தேயிலைச் சாயம் பிடித்ததுபோலப் பழுப்பாகிக் கிடந்தது. அந்தக் கறுப்பு திரும்பவே இல்லை. வெயிலும் இதைத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாக. நிப்பு இருக்கும் முனையை மட்டும் ஆறின தண்ணீரில் பிடித்துக் கழுவுங்கள், உடனே துடையுங்கள். கேசின் பேனை இன்னும் மோசம். தண்ணீர் குடித்து ஊதிவிடும். செலுலொயிட்டுக்குத் தண்ணீர் அவ்வளவு பகையில்லை. நெருப்பும் ஸ்பிரிட்டும்தான் பகை. குசினிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

3. கடைசியாக அலசும் தண்ணீர் கிணற்றுத் தண்ணீராக இருக்கக்கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்துக் கிணறுகள் எத்தனை நாள் உப்புக் கரித்தன என்பது நமக்குத் தெரியும். இப்போதும் சில இடங்களில் கோடையில் கரிக்கிறது. அந்த உப்பு மை ஓடும் மயிர்போன்ற வாய்க்காலில் படிந்தால் மையை அடைக்கும். மார்கழி மழையில் கூரையில் படாமல் வெட்டவெளியில் பாத்திரம் வைத்துப் பிடித்த தண்ணீர் ஒரு போத்தல் போதும், வருஷத்துக்கு வரும். இல்லையென்றால் பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர். அசிட் கலக்காததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

4. காய்ந்துபோன சாதாரண நீல மை தண்ணீரிலேயே கரைந்துவிடும், பொறுமைதான் வேணும். பதிவேடுகளில் எழுதிய கருநீல மை அப்படியில்லை. அதில் இரும்புச் சத்து இருக்கிறது. எழுதும்போது வெளிறி, பிறகு கறுத்து, கடதாசியோடு ஒட்டிக்கொள்ளும். பேனைக்குள்ளும் அதேபோல் ஒட்டிக்கொள்ளும். பாமசியில் விற்கும் வெறும் விற்றமின் சி குளிசை ஒன்றைப் பொடித்து, அரைக் கோப்பை தண்ணீரில் கலக்கி, வடித்து எடுத்து, நிப்பை அதில் ஒரு மணித்தியாலம் வையுங்கள். கருங்கறை கரைந்து வரும். பிறகு நல்ல தண்ணீரால் பலமுறை அலசுங்கள். படம் வரையும் இந்தியன் இங்க் உள்ளே போயிருந்தால் மட்டும் பேனை கிட்டத்தட்டப் போனதுதான். அதில் அரக்கு இருக்கிறது.

5. பக்கத்தில் நெம்புகோல் வைத்த பேனைக்குள் ஒரு இறப்பர் பையும், அதை அமுக்க ஒரு உருக்குத் தகடும் இருக்கும். சேபர் என்பவர் அமெரிக்காவில் 1908இல் உரிமை எடுத்த ஏற்பாடு அது. நம்முடைய காற்றில் முதலில் சாவது அந்தத் தகடுதான்.

வாப்பாவின் பேனை சுனாமித் தண்ணீரில் அலுமாரியோடு சேர்த்துக் கிடந்தது. சேறு வழித்துத் திறந்தபோது மூடிக்குள்ளே கடல்மண் ஒரு சிட்டிகை. நெம்புகோலைத் தொட்டேன், துருவாக உதிர்ந்து விரலில் ஒட்டியது. இறப்பர் பை புகையிலைபோலக் காய்ந்து நொறுங்கியிருந்தது. தங்க நிப்பை மட்டும் துவாயால் துடைத்தேன். அது மங்கக்கூட இல்லை.

ஆகவே நெம்புகோல் இறுகியிருந்தால் பலாத்காரம் பண்ணவேண்டாம். உள்ளே பை கல்லாகிக் கிடக்கும், தள்ளினால் நெம்புகோல் உடையும், இல்லையென்றால் உடம்பு பிளக்கும். கழுத்துப் பகுதியைத் தலைமயிர் காயவைக்கும் மெஷினால், கை தாங்கும் சூட்டில் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி மெல்ல அசைத்துக் கழற்றுங்கள். குறடு வேண்டாம், விரல் போதும்; வழுக்கினால் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிப் பிடியுங்கள். புதுப் பையை ஒட்ட சுப்பர் குளூ கூடாது. தச்சுவேலை செய்கிறவர்கள் பொலிஷுக்கு ஸ்பிரிட்டில் கரைத்து வைத்திருக்கும் அரக்கு ஒரு துளி போதும். அது பிடிக்கும், இன்னொரு நாள் சூடுகாட்டினால் விடவும் செய்யும். பழுதுபார்க்கும் சாமானுக்கு அப்படிப்பட்ட பசைதான் வேணும்.

6. வாசிலினோ தேங்காயெண்ணெயோ பேனைக்குப் போட வேண்டாம். இறப்பர் பை பிசினாகிவிடும். மரையை வழுக்கவைக்க சிலிக்கன் கிரீஸ் மட்டும்.

7. தங்க நிப்பை உருக்கக் கொடுக்க வேண்டாம். இதை எத்தனை பேருக்குச் சொன்னேனோ தெரியாது. தன் வாப்பா மௌத்தாகி நாற்பது கழியுமுன் ஒரு தம்பி அவருடைய பேனையோடு வந்தார்.

"காக்கா, இதில பவுண் எவ்வளவு தேறும்?"

"தம்பி, இந்தா தராசு. நீங்களே போட்டுப் பாருங்க."

நிப்பு கிராமின் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. நிப்பில் 14 கரட், அல்லது 585 என்று வெட்டியிருக்கும். நூறில் 58 பங்கு சொச்சம்தான் தங்கம். அந்தக் கணக்கில் ஒரு பவுணுக்கு நாற்பது நிப்புக்கு மேல் வேணும். ஆனால் அந்த நிப்பு கழன்ற நாளோடு பேனை வெறும் குச்சி. நிப்போடு ஓடுகிற நிலையில் இருந்தால் உருக்கு விலையைப்போலப் பல மடங்கு கொடுத்து வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். அந்தத் தம்பி பேனையை வீட்டுக்கே கொண்டுபோனார். இப்போது அவருடைய மகள் அதால் எழுதுகிறாள்.

தங்கமா, முலாமா என்று பார்க்கக் காந்தம் ஒன்றைக் கிட்டக் கொண்டுபோங்கள். இழுத்தால் உருக்கு. இழுக்காததெல்லாம் தங்கம் என்றும் இல்லை. கரட் எண்ணையும் பாருங்கள். "இரிடியம் பொயின்ற்" என்ற எழுத்து நுனியிலுள்ள கடினமான மணியைத்தான் சொல்கிறது, தங்கத்தை அல்ல.

8. "பார்க்கர் 51" என்று எவரும் நீட்டினால் மூடியை மட்டும் பார்த்து நம்பிவிட வேண்டாம். 1941இல் சந்தைக்கு வந்து 1972 வரை செய்த பேனை அது. நிப்பு கூட்டுக்குள் மறைந்து நுனி மட்டும் தெரியும். ஷங்ஹாயிலிருந்து வந்த ஹீரோ பேனைகளும் அதே உருவம்தான், மூடிகளும் இடம் மாறித் திரிகின்றன. உடம்பைக் கழற்றுங்கள். 1948க்குப் பிந்திய 51 என்றால் உள்ளே வெள்ளி நிறத் தகட்டுக் கூடும், அதற்குள் கண்ணாடிபோன்ற ஒரு பையும் இருக்கும். அந்தப் பை இறப்பர் இல்லாதபடியால் அரை நூற்றாண்டு கழித்தும் பெரும்பாலும் வேலை செய்கிறது. கழுவினால் போதும், மாற்ற வேண்டியதில்லை. உடம்பில் கம்பனிப் பெயர் வெட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துத் தேடுங்கள். பார்க்கர் 21 அதன் ஏழைத் தம்பி. எழுத நல்லது, ஆனால் நிப்பை மூடும் கூட்டில் வெடிப்பு இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

சுதந்திரமாய் எழுத விரும்புகிறவர் ஹீரோவையும் ஒதுக்க வேண்டாம். ஹீரோவை ஹீரோ விலைக்கு வாங்குவதில் குறையே இல்லை.

9. பற்பசை போட்டுத் தேய்த்து மினுக்குவது பழக்கமாகிவிட்டது. மினுங்கும், உண்மைதான், கூடவே வெட்டிய எழுத்தும் தேய்ந்து போகும். எழுத்துப் போன பேனைக்குச் சேகரிப்பவர்களிடம் பாதி மதிப்பும் இல்லை. மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்று பழசாகி மெதுவாகியிருக்கும்தானே, அதில் ஒரு துண்டு எடுத்து வெறுமனே துடையுங்கள்.

10. எழுதும் பேனையை நிப்பு மேலே பார்க்க வையுங்கள். எழுதாமல் வைப்பதென்றால் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, படுக்கவையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களை எறியாமல் லாச்சியில் போடுங்கள். கடற்கரை வீட்டில் அது பெரிய உதவி. பூச்சி உருண்டை போட்ட அலுமாரியில் பேனை வைக்க வேண்டாம். வெளிர் நிறச் செலுலொயிட் பேனையை இறப்பர் பைப் பேனையோடு காற்றுப் போகாத டப்பாவில் அடைக்கவும் வேண்டாம். இறப்பரிலிருந்து வரும் கந்தகப் புகை அதைப் பழுப்பாக்கும்.

11. உடம்பில் பெயர் வெட்டிய பேனை விலை குறைவு என்பார்கள். வெளியூர்ச் சந்தையில் அது சரி. எனக்கு அந்தப் பெயர்தான் முக்கியம். ஓய்வுபெறும் ஆசிரியருக்குப் பிள்ளைகள் காசு சேர்த்துக் கொடுத்த பேனை என்றால், பெயரோடு திகதியும் இருக்கும். அப்படி ஒன்று கைக்கு வந்தால் விற்பதற்கு முன் அந்தக் குடும்பத்தைத் தேடிக் கேளுங்கள்.

12. மாற்றும்போதும் விற்கும்போதும் குறையை வாயால் சொல்லுங்கள், படத்திலும் காட்டுங்கள். மயிர்க்கோட்டு வெடிப்பு, மாற்றிய நிப்பு, ஒட்டுப்போட்ட மூடி, ஒன்றையும் விடவேண்டாம். குறையை மறைத்து விற்ற காசு நமக்கு ஆகாது. என்னிடம் ஒருவர் "ஓடும்" என்று சொல்லிக் கொடுத்த பேனை வீட்டுக்கு வந்து மை குடித்த அன்றே கழுத்தால் ஒழுகி, வெள்ளைச் சேட்டு ஒன்றும் போனது. பேனையைச் சரிக்கட்டினேன். அவரோடு இருந்த பழக்கத்தைச் சரிக்கட்ட முடியவில்லை. "எழுதிப் பார்க்கவில்லை" என்பதும் நேர்மையான பதில்தான், அதையாவது சொல்லுங்கள்.

13. தபாலில் அனுப்ப அட்டைப்பெட்டி போதாது. வீட்டுக்குக் கரண்ட் வேலை செய்யும்போது மிஞ்சும் பி.வி.சி. குழாயில் ஒரு சாண் வெட்டி, பேனையைத் துணியில் சுற்றி உள்ளே விட்டு, இரண்டு முனையிலும் கடதாசி அடைத்து டேப் ஒட்டுங்கள். பதிவுத் தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மை ஒரு சொட்டும் இருக்கக்கூடாது. விமானத்தில் கொண்டுபோகிறவர்களும் வெறுமையாகவோ நிரம்பவோதான் கொண்டுபோக வேணும். பாதி மைக்கு மேலிருக்கும் காற்று உயரத்தில் விரிந்து மையை வெளியே தள்ளும்.

14. சென்னைக்கு மருந்துக்கோ வியாபாரத்துக்கோ போகிறவர்கள் பாரிமுனைப் பக்கம் ஜெம் அன் கோ கடையைத் தேடிப் பாருங்கள். 1920களில் தொடங்கியது, கையால் கடைந்த எபொனைட் பேனைகள் அங்கே உண்டு. ஆந்திராவில் ராஜமுந்திரி ரத்னம் பேனை 1932இல் சுதேசிக் காலத்தில் பிறந்தது. எபொனைட் என்றால் இரண்டாம் குறிப்பை மறக்கவேண்டாம்.

15. பிறர் கையில் தேய்ந்த நிப்பு உங்கள் கைக்கு முதலில் கீறும். உடனே அரக்கடதாசியில் தேய்க்க வேண்டாம். பேனையைக் கொஞ்சம் வலப்பக்கமாக, இடப்பக்கமாகத் திருப்பி எழுதிப் பாருங்கள். ஓரிடத்தில் சட்டென்று வழுக்கும். அந்தச் சாய்வில்தான் முந்தியவர் வருஷக்கணக்காக எழுதியிருக்கிறார்.

16. ஒவ்வொரு பேனைக்கும் ஒரு சிறு சீட்டு. சீ.ஆர். கொப்பியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, யாருடையது, எங்கே கிடைத்தது, எப்போது என்ன பழுதுபார்த்தது, கடைசியாக ஊற்றிய மை எது என்று எழுதி, பேனையில் சுற்றி நூலால் கட்டிவிடுங்கள். பத்து வருஷம் கழித்துப் பிள்ளைகள் லாச்சியைத் திறந்தால் அந்தச் சீட்டுத்தான் அவர்களோடு பேசும். என்னிடம் உள்ளவற்றில் மிகப் பழைய சீட்டு இப்படி: "வாப்பாவின் பேனை. 2004 தண்ணீரில் கிடந்தது. நெம்புகோலும் பையும் புதுசு. நிப்பு அவருடையது. நீல மை."